முதல் பஞ்சாலைகளைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவது எப்படி

அமெரிக்காவின் முதல் ஆலைகளைப் பற்றி வாயால் மட்டும் சொன்னால் பிள்ளைகள் பெயரையும் வருடத்தையும் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள், அதனால் கையில் பஞ்சைக் கொடுத்துத் தொடங்குங்கள். பருத்திப் பஞ்சுதான் வேண்டும். தலையணைக்கு அடைக்கிற இலவம் பஞ்சு ஆகாது, இழை வழுவழுப்பாக இருப்பதால் முறுக்கினாலும் கழன்றுவிடும்.

விளக்குத் திரி திரிக்கிற மாதிரிதான். ஒரு கிள்ளு பஞ்சை எடுத்து மெதுவாக இழுத்து, இனி இழுத்தால் அறுந்துவிடும் என்கிற இடத்தில் நிறுத்தி முறுக்க வேண்டும். முறுக்கிவிட்டு இழுத்தால் மெலியாது. இந்த இழுப்பைத்தான் இங்கிலாந்துக்காரர் ஆர்க்ரைட்டின் நூற்பு எந்திரம் உருளைகளுக்குக் கொடுத்தது. பின் ஜோடி மெதுவாகவும் முன் ஜோடி வேகமாகவும் சுற்றும், நடுவில் இழை மெலியும்.

விரலுக்கு இது புரிந்த பிறகு சாமுவேல் ஸ்லேட்டரைச் சொல்லுங்கள். எந்திரமும் அதை அறிந்த தொழிலாளியும் வெளியே போகக்கூடாது என்று பிரிட்டன் தடுத்திருந்த காலத்தில், 1789-இல் அந்த எந்திரத்தின் அமைப்பு எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர் அவர். அடுத்த வருடமே ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில் ஆற்றுத் தண்ணீரில் எந்திரத்தை ஓட்டினார். அங்கே முதலில் வேலைக்கு வந்தவர்கள் சின்னப் பிள்ளைகள். இதை மறைக்க வேண்டாம், கேட்கிறவர்களுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

ஸ்லேட்டரின் ஆலை நூல் மட்டும்தான் தந்தது, நெசவு வீடுகளில் கைத்தறியில் நடந்தது. நாகர்கோவில் வடசேரிப் பக்கம் தறி ஓடுகிற வீடு தெரிந்தால் கேட்டுக்கொண்டு ஒருநாள் கூட்டிப் போங்கள், பாவு என்கிற நீள நூலுக்குள் ஊடை என்கிற குறுக்கு நூல் ஓடுவதைப் பார்த்தால் அந்தக் காலம் பிடிபடும்.

அப்புறம் ஒரு விளையாட்டு. முதலில் இழுப்பவர், முறுக்குபவர், சுற்றுபவர் எல்லாரையும் வேறு வேறு அறையில் உட்கார வையுங்கள். பிறகு ஒரே மேசைக்குக் கொண்டுவந்து மணி அடித்து வேலை வாங்குங்கள். 1814 வாக்கில் பிரான்சிஸ் கேபட் லோவல் மாசசூசெட்ஸின் வால்தமில் செய்தது இதைத்தான், நூற்பும் நெசவும் ஒரே ஆலைக்குள் வந்தன, பஞ்சு உள்ளே போய்த் துணியாக வெளியே வந்தது. அந்தப் பஞ்சில் பெரும்பகுதி தெற்கே அடிமைகள் பறித்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள்.

கூலியாக மிட்டாய் வையுங்கள். நடுவில் பாதியாகக் குறைத்துவிட்டு மணியை மட்டும் வேகமாக அடியுங்கள். பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். அவர் பெயரில் எழுந்த லோவல் நகரத்து ஆலைப் பெண்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து 1834-இல் வேலையை விட்டு வெளியே வந்ததையும், தங்கியிருந்த விடுதியின் வாடகை கூடியபோது 1836-இல் மறுபடி வெளியே வந்ததையும் சொல்ல அதுதான் சரியான நேரம்.