உங்கள் தொகுதியின் வரலாற்றை நீங்களே தொகுப்பது எப்படி: தென் சென்னையில் நான் கற்றது

என் தாத்தா கடைசிக் காலத்தில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "அறுபத்தேழுல பார்லிமெண்டுக்கு ரெண்டு தடவ ஓட்டுப் போட்டேம்மா. மொதல்ல அண்ணாவுக்கு, அப்புறம் மாறனுக்கு." வயசாகிவிட்டது, சட்டசபைத் தேர்தலையும் பார்லிமெண்டுத் தேர்தலையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்து நாங்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். அவர் போய்ச் சில வருஷம் கழித்துத்தான் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. 1967 பிப்ரவரியில் அண்ணா நின்று ஜெயித்தது சட்டமன்றத்துக்கு அல்ல, தென் சென்னை நாடாளுமன்றத் தொகுதியில். மார்ச் 6 அன்று முதலமைச்சர் ஆனார், எம்.பி. பதவியை விட்டார். அதே வருஷம் நடந்த இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வந்தார். மயிலாப்பூரில் குடியிருந்த என் தாத்தா இரண்டு முறையும் வரிசையில் நின்றிருக்கிறார்.

அவரிடம் உட்கார்ந்து கேட்காமல் விட்டோமே என்ற வருத்தத்தில்தான் தென் சென்னையின் வரலாற்றைத் தொகுக்கத் தொடங்கினேன். பள்ளி ஆசிரியை என்பதால் பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்திருக்கிறேன், வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியல் திருத்தியும் இருக்கிறேன். அந்த அனுபவத்தோடு நான் கண்டுபிடித்த வழிகளை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊர் மதுரையோ கோவையோ, எந்த நகரத் தொகுதிக்கும் இது பொருந்தும்.

எல்லையில் தொடங்குங்கள்

எல்லோரும் முதலில் செய்வது, ஜெயித்தவர்களின் பட்டியலை வரிசையாக எழுதுவது. நானும் அப்படித்தான் ஆரம்பித்து ஆறு மாதம் வீணடித்தேன். 1957இல் இருந்த தென் சென்னையும் இன்றைய தென் சென்னையும் ஒரே நிலம் இல்லை. பெயர் மட்டும்தான் ஒன்று. எல்லை தெரியாமல் 'இந்தத் தொகுதி மக்கள் அன்றும் இன்றும்' என்று ஒரு வரிகூட எழுத முடியாது.

எல்லை எங்கே கிடைக்கும் என்றால், தொகுதி மறுவரையறை ஆணைகளில். 1952, 1963, 1973, 2002 ஆகிய ஆண்டுகளில் மறுவரையறை ஆணையங்கள் அமைந்தன. கடைசி ஆணையம் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து எல்லை வரைந்தது. அது 2008 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்த ஆணைகள் அரசிதழில் வந்தவை. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் 2008 ஆணை அப்படியே இருக்கிறது. பழையதைப் பெரிய நூலகங்களின் அரசிதழ்த் தொகுப்புகளில் பார்க்கலாம்.

ஒவ்வொரு ஆணைக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நாடாளுமன்றத் தொகுதிக்குள் எந்தெந்தச் சட்டமன்றத் தொகுதிகள் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தென் சென்னைக்கு இன்று ஆறு: விருகம்பாக்கம், சைதாப்பேட்டை, தியாகராய நகர், மயிலாப்பூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர். இதில் விருகம்பாக்கம், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் மூன்றும் 2008 ஆணையில் பிறந்தவை. 2004 வரை தென் சென்னையில் இருந்த ஆலந்தூரும் தாம்பரமும் ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்விட்டன. திருவல்லிக்கேணி என்ற பெயரில் இருந்த சட்டமன்றத் தொகுதி மறைந்து, சேப்பாக்கத்தோடு சேர்ந்து, இன்று மத்திய சென்னைக்குள் இருக்கிறது. 1996, 1998, 1999, 2004 என்று நான்கு முறை தென் சென்னையில் ஜெயித்த டி.ஆர். பாலு 2009இல் ஸ்ரீபெரும்புதூரில் நின்று வென்றார். எல்லையைப் பார்க்காதவருக்கு அவர் தொகுதி மாறிவிட்டார் என்று மட்டும் தெரியும். அவருடைய பழைய வாக்காளர்களில் ஒரு பெரும் பகுதியும் அதே தேர்தலில் அங்கே மாறியிருந்தது என்பது எல்லை பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இங்கே ஒரு இடத்தில் கவனம் தேவை. நகரப் பகுதியை ஆணையில் தெருப்பெயரால் சொல்ல மாட்டார்கள், மாநகராட்சி வார்டு எண்ணால் சொல்வார்கள். 2008 ஆணையில் உள்ள வார்டு எண்கள், சென்னைக்கு 155 வார்டுகள் இருந்த காலத்தவை. 2011இல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்த்து, 200 வார்டுகளாக்கி, எண்களையும் மாற்றிவிட்டார்கள். இன்றைய வார்டு வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆணையைப் படித்தால் முழுக்கத் தப்பாகத்தான் போகும். நான் அப்படி வரைந்த முதல் வரைபடத்தில் மயிலாப்பூர் கடலை விட்டு விலகி எங்கேயோ போய் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான் தவறு புரிந்தது. பழைய வார்டு வரைபடம் ஒன்றைத் தேடி எடுத்து, அதன்மேல் தாளை வைத்து நகல் எடுத்து, பிறகு இன்றைய வரைபடத்தில் பொருத்துங்கள். நாலு மாலைப்பொழுது பிடிக்கும். ஆனால் இதைச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

ஜெயித்தவர் பட்டியல்

இதற்கு ஒரு நாள் போதும். தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் முதல் பொதுத்தேர்தலிலிருந்து இருக்கின்றன. 1952இல் மெட்ராஸ் என்று ஒரே தொகுதி, டி.டி. கிருஷ்ணமாச்சாரி வென்றார். 1957இல் வடக்கு, தெற்கு என்று இரண்டானது. தெற்கில் மறுபடி அவரே. 1962இல் நாஞ்சில் மனோகரன். 1967இல் அண்ணா, பிறகு இடைத்தேர்தலில் மாறன், 1971இலும் மாறன். 1977இல் மத்திய சென்னை என்று மூன்றாவது தொகுதி வந்தது. அந்த ஆண்டும் 1980இலும் தெற்கில் ஆர். வெங்கட்ராமன். 1984இலும் 1989இலும் வைஜயந்திமாலா பாலி. 1991இல் ஆர். ஸ்ரீதரன். பிறகு பாலுவின் நான்கு வெற்றிகள். 2009இல் சிட்லபாக்கம் ராஜேந்திரன், 2014இல் ஜெயவர்தன், 2019இலும் 2024இலும் தமிழச்சி தங்கபாண்டியன்.

பட்டியல் எடுக்கும்போது மூன்று இடங்களில் சறுக்கலாம். பொதுத்தேர்தல் அறிக்கையில் இடைத்தேர்தல் இருக்காது. என் தாத்தா மாறனுக்குப் போட்ட ஓட்டு அந்த அறிக்கையில் இல்லாததும் இதனால்தான். ஒவ்வொரு மக்களவைக்கும் உறுப்பினர் பட்டியலைத் தனியாக எடுத்துச் சரிபாருங்கள். ஒரே தொகுதிக்கு இரண்டு பெயர் வந்தால் நடுவில் இடைத்தேர்தல் நடந்திருக்கிறது. அடுத்தது பெயர். மக்களவை ஆவணங்களில் வைஜயந்திமாலாவை 'பாலி' என்ற பெயரின் கீழ்தான் தேட வேண்டும். தமிழச்சி தங்கபாண்டியன் தேர்தல் பதிவில் சுமதி என்ற இயற்பெயரில் தொடங்குகிறார். ஊரின் பெயரும் அப்படித்தான்: 1996இல் ஊர் சென்னை ஆனபிறகும் தொகுதி 'மெட்ராஸ் சவுத்' என்றே 2004 அறிக்கை வரை வரும். மூன்றாவது, ஆளை வைத்துத் தொகுதியைக் கணக்கிடாதீர்கள். நாஞ்சில் மனோகரன் 1962இல் தெற்கு, 1967இலும் 1971இலும் வடக்கு. மாறன் முதலில் தெற்கு, 1996 முதல் மத்திய சென்னை.

எண்களைப் படிக்கும் முறை

வாக்காளர் எண்ணிக்கை 1984க்கும் 1989க்கும் இடையில் திடீரென்று ஏறியிருக்கும். ஊர் வளர்ந்தது ஒரு காரணம்தான். ஓட்டுரிமை வயது 21இலிருந்து 18 ஆனது 1989இல். அந்த இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது இதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

சாவடி வாரியாக யாருக்கு எத்தனை என்று தெரிய, படிவம் 20 என்று ஒன்று இருக்கிறது. இடப்பக்கம் சாவடி எண், மேலே வேட்பாளர் பெயர்கள், கட்டம் கட்டமாக எண்கள். சமீபத்திய தேர்தல்களுக்கு மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் எடுக்கலாம். வாக்குச்சீட்டுக் காலத்துக்கு இதைத் தேடி அலையாதீர்கள். பல சாவடிச் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது. நாடு முழுக்க வாக்குப்பதிவு இயந்திரம் வந்த 2004க்குப் பிறகுதான் இந்தக் கணக்குக்கு அர்த்தம் வருகிறது. சாவடி எண்ணும் நிலையானது இல்லை, பட்டியல் திருத்தும்போதெல்லாம் நகரும். பள்ளிக்கூடத்தின் பெயரையும் முகவரியையும் வைத்து ஒப்பிடுங்கள்.

வாக்குப்பதிவு சதவீதம் பற்றி மட்டும் கொஞ்சம் மனம் விட்டுச் சொல்கிறேன். 2024இல் தென் சென்னையில் பதிவானது சுமார் 54 சதவீதம். ஒவ்வொரு முறையும் 'படித்தவர்கள் ஓட்டுப் போட மாட்டார்கள்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படியேறி இறங்கிய எனக்கு அது முழு உண்மையாகத் தெரியவில்லை. வாடகைக்கு இருந்து காலி செய்து போனவர்களின் பெயர் பட்டியலில் கிடக்கும். இறந்துபோனவர் பெயர் கிடக்கும். அதையெல்லாம் சேர்த்துத்தான் சதவீதம் போடுகிறோம்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு முதல் ஆற்றோரமும் கடலோரமும் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். மூன்று இடமும் சோழிங்கநல்லூர்ப் பகுதியில். ஒரு தேர்தலில் மயிலாப்பூர்ப் பக்கம் எனக்குப் பணி. மதியம் மூன்று மணி இருக்கும், ஒரு அம்மா வந்தார். புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த அடையாள அட்டையை அவிழ்த்து எடுத்தார். அட்டையில் இருந்த தெரு இப்போது இல்லை. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். "அங்க பேர் சேக்கலயா?" என்று கேட்டேன். "இங்க பேர எடுத்துட்டா நாங்க இங்க இருந்தோம்னு எப்படிம்மா சொல்றது?" என்றார். விரலில் மை வைக்கும்போது என் கை நிதானமாக இல்லை.

2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்காளர்கள் இருந்த தொகுதி சோழிங்கநல்லூர். ஐ.டி. நிறுவனங்களால் வந்த கூட்டம் என்று மட்டும் எழுதிவிட்டால் இந்த அம்மா வரலாற்றில் இல்லாமல் போய்விடுவார். உங்கள் நகரத்திலும் இப்படி அப்புறப்படுத்தப்பட்டவர்கள் இருப்பார்கள். எங்கிருந்து எங்கே, எந்த வருஷம் என்று எல்லைப் பக்கத்திலேயே ஒரு பத்தி எழுதுங்கள்.

பெரியவர்களிடம் கேட்பது

யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்காதீர்கள். அது அவர்களுடைய ரகசியம், விருப்பப்பட்டால் அவர்களே சொல்வார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் போட்டீர்கள், யாரோடு போனீர்கள், என்ன சின்னம் நினைவிருக்கிறது என்று கேளுங்கள். வருஷம் மறந்தவர்களுக்கும் சின்னம் மறக்காது, அதை வைத்து வருஷத்தைப் பிடித்துவிடலாம். நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை என்றால் காங்கிரஸ் உடைவதற்கு முந்தைய காலம். ராட்டை நூற்கும் பெண் என்றால் உடைந்தபிறகு காமராஜர் பக்கம் நின்ற காங்கிரஸ். பசுவும் கன்றும் என்றால் இந்திரா காங்கிரஸ், 1971 அல்லது 1977. கை என்றால் 1980 முதல். ஆளுக்கொரு பெட்டி வைத்து, சீட்டில் எதுவும் குத்தாமல் பெட்டிக்குள் போட்டது நினைவிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது 1952 அல்லது 1957.

கேட்டதை அன்று இரவே எழுதிவிடுங்கள். பிறகு செய்தித்தாளில் சரிபாருங்கள். எழும்பூரில் கன்னிமாரா நூலகம், ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று சென்னைக்காரர்களுக்கு வசதி அதிகம். போகும் முன் வாக்குப்பதிவு நாளையும் எண்ணிக்கை நாளையும் குறித்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் தொகுப்பைப் புரட்டியே நாள் போய்விடும். ஒரு நூலகத்தில் நான் கேட்ட வாரத்தின் பக்கங்களை மட்டும் யாரோ கிழித்து எடுத்திருந்தார்கள். அப்போது இன்னொரு நாளிதழைக் கேட்டு வாங்குங்கள், ஒரே செய்தி இரண்டிலும் வேறு விதமாக இருக்கும், அதுவும் நல்லதுதான்.

இப்போது இருப்பதையும் சேர்த்து வையுங்கள். நாடாளுமன்றத்தில் மாநிலத்துக்கு இத்தனை இடம் என்ற கணக்கு 1971 மக்கள்தொகையில் நிற்கிறது. 2026க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை அது அப்படியே இருக்கும் என்று அரசமைப்பின் 84ஆவது திருத்தம் சொல்கிறது. அதன்பிறகு கோடு மறுபடி நகரலாம். அடுத்த தேர்தலில் சாவடிக்குப் போகும்போது, வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துப் பாருங்கள். சாவடி எண், எந்தெந்தத் தெருக்கள் எல்லாம் அதில் இருக்கும். ஓட்டுப் போட்டு வீட்டுக்கு வந்ததும் அதை நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள்.