முதல் முழு மாரத்தான் ஓடுவது எப்படி: 31-வது கிலோமீட்டரில் உட்கார்ந்தவன் எழுதுவது

முதல் முழு மாரத்தானை 4 மணி 30 நிமிடத்தில் முடிக்கத் திட்டம் போட்டு, 5 மணி 8 நிமிடத்தில் முடித்தவன் நான். காலில் அடி எதுவும் இல்லை, வெயிலும் கொளுத்தவில்லை, பயிற்சியிலும் குறை வைக்கவில்லை. தப்பு நடந்தது முதல் 10 கிலோமீட்டரில். அது தெரிய வந்தது 31-வது கிலோமீட்டரில், நடைபாதை ஓரக் கல்லில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தொடையை அமுக்கிக்கொண்டிருந்தபோது. அடுத்த ஆண்டு அதே பந்தயத்தை 4:31:40-க்கு ஓடினேன். இரண்டுக்கும் நடுவில் புரிந்ததைத்தான் படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

ஹாஃப், அதாவது மாரத்தானில் பாதியான 21.1 கிலோமீட்டர், ஒரு தடவையாவது ஓடியவர்களுக்கான பதிவு இது. ஓடியதில்லை என்றால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள். நெஞ்சு வலி, மயக்கம், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று ஏதாவது இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

படி 1: பந்தயத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

16 முதல் 18 வாரம் வேண்டும். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம் போதும்: மூன்று சின்ன ஓட்டம், ஒரு லாங் ரன். லாங் ரன்னை வாரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் போல ஏற்றுங்கள். மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் இறக்குங்கள். உச்சம் 30 அல்லது 32 கிலோமீட்டர். "42-ஐயும் ஒரு தடவை ஓடிப் பார்த்துவிட்டால் தைரியம் வருமே?" என்று கேட்காதவர்கள் இல்லை. வேண்டாம். மூன்றரை மணி நேரத்தைத் தாண்டும் லாங் ரன்னால் கிடைப்பது கொஞ்சம்தான், அதிலிருந்து கால் தேறுவதற்குள் அடுத்த வாரப் பயிற்சி போய்விடும்.

பயிற்சி வேகம் பற்றி ஒரே விதி: பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அந்த நாட்களில் திடீரென்று முழங்கால் வலிப்பது போலவும் தொண்டை கரகரப்பது போலவும் இருக்கும். முக்கால்வாசி மனப்பிரமை.

படி 2: ஷூ, சாக்ஸ், வாட்ச்

ஷூ வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக இருக்கட்டும். மூன்று மணி நேரம் ஓடினால் பாதம் வீங்கும். பந்தயத்துக்கு முன் அந்த ஷூவில் ஒரு லாங் ரன்னாவது ஓடியிருக்க வேண்டும். பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளம் போடும்.

வாட்ச் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: பக்கவாட்டில் அமுக்குகிற பட்டன் இருக்க வேண்டும். தொடுதிரை மட்டும் இருக்கும் வாட்ச், வியர்த்த விரலுக்குக் கீழ்ப்படியாது. ஏன் பட்டன் இவ்வளவு முக்கியம் என்பது படி 4-இல் வருகிறது. விலை உயர்ந்த மாடல் தேவையில்லை. கெண்டைக்காலில் மாட்டும் இறுக்க உறை வாங்கவும் காசு செலவழிக்க வேண்டாம் என்பது என் கட்சி.

படி 3: இலக்கு நேரத்தைக் கணக்கிடுங்கள், ஆசைப்படாதீர்கள்

உங்கள் சிறந்த ஹாஃப் நேரத்தை இரண்டால் பெருக்கி, 20 நிமிடம் கூட்டுங்கள். என்னுடையது 2:05. இரட்டித்தால் 4:10, இருபது கூட்டினால் 4:30. பத்து நிமிடம் மட்டும் கூட்டச் சொல்லும் கணக்குகளும் உண்டு. வாரத்துக்கு 80 கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கு அது சரி.

4:30 என்றால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 வினாடி. 5 மணி என்றால் 7 நிமிடம் 6 வினாடி. நடந்து ஓடி நடந்து ஓடி முடிக்க நினைப்பவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவேயே அந்த முறையைப் பரப்பியவர்தான். ஒன்றுதான், நடையை முதல் கிலோமீட்டரிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். களைத்த பிறகு நடப்பது வேறு விஷயம்.

பந்தயத்தின் கட்-ஆஃப் நேரத்தையும், அதாவது எவ்வளவு நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதையும், பதிவு செய்யும்போதே பாருங்கள்.

படி 4: வாட்சை நம்பாமல் வாட்சைப் பயன்படுத்துவது

நான் சறுக்கிய இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நகர மாரத்தான் பெரும்பாலும் உயரமான கட்டிடங்களுக்கு நடுவே ஓடும். செயற்கைக்கோள் சிக்னல் நேராக வராமல் கட்டிடத்தில் பட்டுத் தெறித்து வரும். வாட்ச் நம்மை ஒரு தெரு தள்ளி ஓடுவதாக நினைத்துக்கொள்ளும். சுரங்கப் பாதைக்குள் போனால் சிக்னலே இருக்காது. அதனால் திரையில் தெரிகிற 'இப்போதைய வேகம்' சும்மா குதிக்கும்.

என் முதல் பந்தயத்தில் இரண்டாவது கிலோமீட்டரில் வாட்ச் 7:10 என்று காட்டியது. பதறிப்போய்க் காலை எட்டிப் போட்டேன். கொஞ்ச தூரத்தில் 5:20 என்றது, குறைத்தேன். மறுபடி 7:00. அன்று உடம்பும் லேசாக இருந்தது. சுற்றிலும் கூட்டம், கைதட்டல், மேளச் சத்தம், எல்லாரும் என்னை முந்திப் போவது போல ஒரு தோற்றம். 10 கிலோமீட்டர் பலகையைத் தாண்டியபோது மொத்த நேரம் 59 நிமிடம். திட்டப்படி 64 ஆகியிருக்க வேண்டும். அங்கேயாவது சுதாரித்திருக்கலாம். "சரி, ஐந்து நிமிடம் சேமிப்பில் இருக்கிறது" என்று சந்தோஷப்பட்டேன். பாதித் தூரத்தை 2:07-க்குக் கடந்தேன். என் வாழ்நாள் சிறந்த ஹாஃபே 2:05 என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

வேகம் கூடக்கூட உடம்பு கொழுப்பை விட்டுவிட்டு கிளைகோஜனை, அதாவது உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தை, அதிகமாக எரிக்கும். தசையிலும் கல்லீரலிலும் இருக்கிற கிளைகோஜன் பெரும்பாலானோருக்கு 30 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் வரும். முதல் பாதியில் எட்டு நிமிடம் சேமித்ததாக நினைத்தேன், கடைசி 11 கிலோமீட்டருக்கு மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆனது.

இப்போது செய்வது இது:

லேப் என்பது ஒரு தடவை பட்டன் அமுக்கியதிலிருந்து அடுத்த தடவை வரையான துண்டு. வாட்ச் தானாகவே கிலோமீட்டரைக் கணக்கிட்டு லேப் போடும் ஆட்டோ லேப்பை அமைப்பில் அணைத்துவிடுங்கள். திரையில் மூன்று எண் மட்டும் இருக்கட்டும்: இந்த லேப்பின் நேரம், போன லேப்பின் நேரம், மொத்த நேரம். இப்போதைய வேகத்தைத் திரையிலிருந்தே தூக்கிவிடுங்கள். சாலையோரக் கிலோமீட்டர் பலகை ஒவ்வொன்றையும் தாண்டும்போது லேப் பட்டனை அமுக்குங்கள். அது காட்டுகிற நேரம் உங்கள் உண்மையான வேகம், எந்தச் செயற்கைக்கோளின் தயவும் தேவையில்லை. ஒரு பலகையைத் தவறவிட்டால் அடுத்ததில் அமுக்கி இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இந்த எண்களை இடது முன்கையில் எழுதிக்கொள்ளுங்கள். 4:30 இலக்குக்கு என் கையில் இருந்தது: 5 கி.மீ. 33:00, 10 கி.மீ. 65:00, பாதி 2:16, 30 கி.மீ. 3:12, 40 கி.மீ. 4:16. ஆரம்பம் வேண்டுமென்றே மெதுவாக இருப்பதைக் கவனியுங்கள். முதல் ஐந்தில் கிலோமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு வினாடி விட்டுக்கொடுத்தால் ஒன்றும் குடி முழுகாது. அழியாத மார்க்கர் பேனாதான் வேண்டும். பால் பாயின்ட் பேனாவில் எழுதி, 15-வது கிலோமீட்டரில் கையில் நீலக் கறை மட்டும் மிஞ்சியவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

பின்சேர்க்கை: வாசகர் ஒருவர் லேப் என்று நினைத்து நிறுத்தும் பட்டனை அமுக்கி, நான்கு கிலோமீட்டர் கழித்துத்தான் கவனித்தாராம். லாங் ரன்னில் இந்தப் பழக்கத்தை ஒத்திகை பாருங்கள். இன்னொருவர் ஒரு கிலோமீட்டர் 5:50 என்றும் அடுத்தது 7:00 என்றும் வந்ததாக எழுதினார். பலகையே சில இடங்களில் சற்றுத் தள்ளி நிற்கும். ஒரு லேப்பைப் பார்த்துப் பதறாதீர்கள், 5 கிலோமீட்டர் கணக்குக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் அடிக்கடி வருகிறது: "என் வாட்ச் 42.7 காட்டியது, தூரத்தைத் தப்பாக அளந்துவிட்டார்கள்." அளவு தப்பில்லை. மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர் என்று 1921-இல் உறுதியானது. சான்றிதழ் பெற்ற பாதையை, சக்கரச் சுழற்சியை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில், வளைவின் ஓரக் கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாதே என்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டியும் வைப்பார்கள். நாம் கூட்டத்தில் வளைந்து நெளிந்து, திருப்பங்களில் வெளிப்பக்கமாக ஓடுகிறோம், அதனால் கூடுகிறது. 42.7 ஓடினால், வாட்ச் 6:24 என்று காட்டிக்கொண்டே 4:33-க்குத்தான் முடிப்பீர்கள். திருப்பம் வரும்போது உள்பக்க ஓரத்துக்கு நூறு மீட்டர் முன்பே நகர ஆரம்பியுங்கள்.

படி 5: சாப்பாடும் தண்ணீரும்

பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் மாவுச்சத்தைக் கூட்டி, நார்ச்சத்தையும் கொழுப்பையும் குறையுங்கள். எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். கிளைகோஜன் தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைக்கும், பயப்பட வேண்டாம்.

ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு ஜெல்லில் (ஓடிக்கொண்டே சாப்பிடும் சின்னப் பொட்டல இனிப்புக் கூழ்) பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும், உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் 35 நிமிடத்துக்கு ஒன்று, பசிக்கிறதோ இல்லையோ. முதல் பந்தயத்தில் "தேவைப்படும்போது" சாப்பிடலாம் என்று வைத்திருந்த ஜெல் இரண்டு, உட்கார்ந்த இடத்தில் இடுப்புப் பட்டையில் அப்படியே இருந்தது. ஜெல்லைத் தண்ணீரோடு விழுங்குங்கள். இனிப்புப் பானத்தோடு சேர்த்தால் வயிறு கலக்கும். எந்த ஜெல்லானாலும் லாங் ரன்னில் மூன்று தடவையாவது சாப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும்.

தண்ணீர் மேசை ஒவ்வொன்றிலும் நின்று வயிறு முட்டக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு அந்த உப்பு, அதாவது சோடியம், இயல்புக்குக் கீழே இருந்தது. ஓடி முடிக்கும்போது எடை கூடியிருந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். தாகத்துக்குக் குடியுங்கள். கப்பின் வாயை விரலால் கிள்ளி மடித்தால் மூக்கில் ஏறாமல் குடிக்கலாம். ஒரே இடத்தில் பல மேசை போட்டிருந்தால் முதல் மேசையில் எல்லாரும் முட்டிக்கொள்வார்கள், கடைசி மேசைக்குப் போங்கள்.

வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைப் படுத்தும்.

படி 6: அன்று காலை

பிப்பை, அதாவது ஓட்டக்காரர் எண் அட்டையை, முந்தைய இரவே பனியனில் நான்கு ஊக்கு போட்டுக் குத்திவிடுங்கள். தொடை இடுக்கு, அக்குள், ஆண்களுக்கு மார்புக் காம்பு, பெண்களுக்கு மார்க்கச்சை விளிம்பு, எல்லா இடத்திலும் பெட்ரோலியம் ஜெல்லி. கஞ்சத்தனம் வேண்டாம். தப்பினால் குளிக்கும்போது தெரியும். கால் நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டியிருங்கள். கழிப்பறை வரிசையில் இப்போதே நின்றுவிடுங்கள். இரண்டாவது பந்தயத்தில் 18-வது கிலோமீட்டரில் நின்றேன், என் ஒரு நிமிடம் நாற்பது வினாடி அங்கேதான் போனது.

படி 7: ஓட்டம்

30 வரை கையில் எழுதியதை மட்டும் பாருங்கள். முதல் ஐந்து கிலோமீட்டரில் எல்லாரும் முந்திப் போவார்கள், போகட்டும். 30-க்கு அப்புறம் அவர்களில் பாதிப் பேரை ஒவ்வொருவராகத் தாண்டுவீர்கள். அங்கேயும் கால் கனக்கும், ஆனால் கனம் வேறு, முடங்கிப்போவது வேறு. அப்போது நான் மீதித் தூரத்தை நினைப்பதில்லை, அடுத்த தண்ணீர் மேசை எங்கே என்று மட்டும் பார்ப்பேன்.

பின்சேர்க்கை 2: பேசரை, அதாவது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் முடிக்கும் வேகத்தில் கொடி பிடித்து ஓடுபவரை, பின்தொடரலாமா என்று பலர் கேட்டார்கள். தொடரலாம், ஆனால் கிளம்பும் முன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: அவர் ஓடுவது துப்பாக்கி நேரத்துக்கா (பந்தயம் தொடங்கியதிலிருந்து), சிப் நேரத்துக்கா (அவரவர் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து)? நீங்கள் பின் வரிசையில் நின்று ஆறு நிமிடம் கழித்துத் தொடக்கக் கோட்டைத் தாண்டினால், முன்னால் போய்விட்ட பேசரைப் பிடிக்க அந்த ஆறு நிமிடத்தையும் ஈடுகட்டி வேகமாக ஓட வேண்டியிருக்கும். அது நான் செய்த அதே தப்பு, கொடி பிடித்தவர் பின்னால்.

படி 8: கோட்டைத் தாண்டிய பிறகு

உட்காராதீர்கள். பத்து நிமிடம் நடங்கள், உலர்ந்த சட்டை மாற்றுங்கள், அரை மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிடுங்கள். மறுநாள் மாடிப்படி இறங்குவது ஏறுவதைவிடக் கொடுமையாக இருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிப் பாருங்கள், வீட்டில் சிரித்தாலும் பரவாயில்லை. ஒரு வாரம் ஓட வேண்டாம்.

கால் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனதைப் படம் எடுத்து அனுப்பி, பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருந்தவருக்கு: வேண்டாம். தானாக விழும், அடியில் புதுசு வந்துகொண்டிருக்கும். சீழோ பொறுக்க முடியாத வலியோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்த ஷூவை அரை அளவு பெரிதாக வாங்குங்கள்.