மீனை விட்ட பிறகு தொட்டியைப் பழக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மூன்று நாள் மோட்டரை ஓடவிடுங்கள், பிறகு மீனைப் போடலாம்" என்பதுதான் கொழும்பில் முதன்முதலாக மீன் தொட்டி வாங்குகிறவர்களில் பலருக்குக் கிடைக்கும் அறிவுரை. எனக்கும் அதுவே கிடைத்தது. வெள்ளவத்தையில் நாங்கள் அப்போது குடியிருந்த மாடிவீட்டில் இரண்டடித் தொட்டி ஒன்றை வைத்து, சொன்னபடி மூன்று நாள் மோட்டரை ஓடவிட்டு, நான்காம் நாள் ஆறு கோல்ட் பிஷ் வாங்கி விட்டேன். பத்து நாளுக்குள் நான்கு போய்விட்டன. தண்ணீரோ கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. அதனால் தண்ணீரைச் சந்தேகிக்காமல், மீனுக்குத்தான் ஏதோ நோய் என்று எண்ணி நீல மருந்தை வாங்கி ஊற்றினேன். மிஞ்சிய இரண்டும் அந்த வாரமே செத்தன. ஒரே தொட்டியில் எத்தனை தவறுகளை அடுக்கடுக்காகச் செய்திருந்தேன் என்பது பின்னர்தான் விளங்கியது.

அந்த மூன்று நாளில் நடப்பது மிகக் கொஞ்சம். குழாய் நீரிலுள்ள குளோரீன் காற்றோடு போய்விடும். தண்ணீர் அறை வெப்பநிலைக்கு வரும். கண்ணாடியின் ஒட்டு கசிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தொட்டி "பழகுவது" என்று நாம் சொல்வது வேறு விடயம். மீன் தன் செவுள் வழியாகவும் கழிவின் வழியாகவும் அமோனியாவை வெளிவிடுகிறது. தின்னாமல் விட்ட உணவு அழுகும்போதும் அதுவே உண்டாகிறது. ஒரு வகை நுண்ணுயிர்கள் இந்த அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகைப் பற்றீரியா நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது சாதாரண அளவில் பெரிய தீங்கில்லாதது. மீனில்லாத வெறுந்தொட்டியில் அமோனியா இல்லை, ஆகவே இந்த உயிர்களுக்கு உணவும் இல்லை. மோட்டரை மூன்று நாள் ஓடவிட்டாலும் முப்பது நாள் ஓடவிட்டாலும் அவை பெருகப்போவதில்லை. மீனை விட்ட பிறகுதான் கணக்கு தொடங்குகிறது. அது முடிய நான்கு முதல் எட்டு வாரம் வரை செல்லும்.

மீன் ஏற்கெனவே தொட்டியில் இருக்கிறது என்றால், நம் வேலை பற்றீரியாவை வளர்ப்பதன்று. அது வளரும் வரை நஞ்சை மெலிதாக வைத்திருப்பது. இந்த ஒன்றை மாற்றி விளங்கிக்கொள்வதால்தான் மற்றத் தவறுகளில் பாதி பிறக்கின்றன. மீனில்லாமல் தொட்டியைப் பழக்குகிறவர்கள் அமோனியாக் கரைசலை ஊற்றி, அதன் அளவை லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவில் வைத்திருப்பதுண்டு. அதைப் படித்துவிட்டு, மீன் இருக்கும் தொட்டியிலும் "பற்றீரியாவுக்குச் சாப்பாடு வேண்டுமே" என்று அமோனியாவை ஏறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மீன் ஒவ்வொரு நிமிடமும் அமோனியாவை விட்டுக்கொண்டே இருப்பதால், பரிசோதனையில் மிகக் குறைந்த அளவே காட்டினாலும் பற்றீரியா பட்டினி கிடப்பதில்லை. அமோனியாவையும் நைத்திரைற்றையும் கூட்டினால் லீற்றருக்கு அரை மில்லிகிராமைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வது வீட்டுத் தொட்டிக்கு நல்ல எல்லை. தாண்டினால், பாதித் தண்ணீரை அன்றைக்கே மாற்ற வேண்டும்.

இங்கேதான் பலர் தயங்குகிறார்கள். தண்ணீரை மாற்றினால் "நல்ல பற்றீரியா" வெளியே போய்விடும், தொட்டி மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும் என்ற பேச்சை எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. இந்தப் பற்றீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பவை அல்ல; பில்டர் ஸ்பொஞ்சிலும் சரளைக் கற்களிலும் கண்ணாடியிலும் வழுவழுப்பான படலமாக ஒட்டி வாழ்பவை. வாளி வாளியாகத் தண்ணீரை வெளியேற்றினாலும் அவை இருந்த இடத்திலேயே இருக்கும். பாதித் தண்ணீரை மாற்றினால் நஞ்சும் பாதியாகும். இதைவிட மலிவான, உறுதியான மருந்து எந்தக் கடையிலும் இல்லை. முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு நாளும் மாற்ற நேரிட்டாலும் அது தோல்வியின் அடையாளமன்று. எப்போது மாற்றுவது என்பதைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது; அமோனியாவுக்கும் நைத்திரைற்றுக்கும் நிறமில்லை. சொட்டு மருந்துப் பரிசோதனைப் பெட்டி ஒன்றை வாங்காமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது என்பது என் கருத்து. அதன் விலைக்கு மேலும் நான்கு மீன் வாங்கலாமே என்று தோன்றும். அந்த நான்கு மீனும் செத்தால்தான் கணக்குப் புரியும்.

மாற்றும் தண்ணீரில் கவனிக்க வேண்டியது குளோரீன். அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டு வரும் களனி ஆற்று நீரானாலும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீரானாலும், கொழும்பு வீடுகளுக்குக் குளோரீன் சேர்த்தே வருகிறது. மொட்டைமாடித் தாங்கியில் ஒரு நாள் நின்று வரும் தண்ணீரில் அது ஓரளவு குறைந்திருக்கும். "நான் ஒரு நாளும் ஆன்டி குளோரின் போட்டதில்லை, ஒன்றும் ஆகவில்லை" என்று பெருமை பேசுகிறவர்கள் பலரைக் காப்பாற்றுவது அவர்கள் வீட்டு மேல்தாங்கிதான். அவர்களைப் பார்த்து, நேரடி லயனில் தண்ணீர் எடுக்கிறவர் அதே போலச் செய்தால் மீனின் செவுளும் கெடும், வளரத் தொடங்கிய பற்றீரியாவும் சாகும். நீர்வெட்டு முடிந்து குழாய் மறுபடி திறக்கும் நாளில் மணத்திலேயே வித்தியாசம் தெரியும் சில வீடுகளும் உண்டு. அன்றைக்கு அவசரமில்லாவிட்டால் தண்ணீர் மாற்றுவதை ஒத்திப்போடுவது நல்லது. சோடியம் தயோசல்பேற்று என்ற மலிவான பளிங்குதான் பெரும்பாலான ஆன்டி குளோரின் போத்தல்களில் இருப்பது. வாளியில் கலந்து ஊற்றினால் வாளித் தண்ணீருக்கு உரிய அளவு போதும். குழாயை நேரே தொட்டிக்குள் விட்டு நிரப்பினால் முழுத் தொட்டிக்கும் உரிய அளவைப் போட வேண்டும்.

இனி உணவு. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி 2 கன அடி. ஏறத்தாழ 56 லீற்றர். மேல் இடைவெளியையும் கல்லையும் கழித்தால் 50 லீற்றர் தண்ணீர் இருக்கும். 40 சதவீதம் புரதமுள்ள மீனுணவு ஒரு கிராமில் ஏறத்தாழ 64 மில்லிகிராம் நைதரசன் இருக்கிறது. அதில் பாதியே அமோனியாவாக வெளிவருகிறது என்று வைத்துக்கொண்டாலும் 32 மில்லிகிராம். 50 லீற்றரில் பரவினால் லீற்றருக்கு 0.64. அதாவது ஒரு நாள் ஒரு கிராம் உணவு, மேலே சொன்ன எல்லையை ஒரே நாளில் தாண்டவைக்கும். ஐந்து சிறிய டேனியோ மீன்களுக்கோ ஒரு நாளைக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கே தாராளம். பிள்ளை ஆசையோடு போடும் ஒரு பிடியையும், அதைப் பார்க்காமல் மாலையில் அம்மம்மா போடும் இன்னொரு பிடியையும் தராசில் நிறுத்துப் பார்த்தால் இந்தக் கணக்கின் கொடுமை தெரியும். உணவு டப்பாவைப் பூட்டிவைக்கச் சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்பதால், ஒரு நாளைக்கு உரியதை மட்டும் காலையில் ஒரு சிறு மூடியில் எடுத்துவைத்துவிடுவது நான் கண்ட வழி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது.

தண்ணீர் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதைக் காட்டும் பிஎச் பெறுமானத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் கொழும்புக் குழாய் நீர் பொதுவாக மென்மையானது, அதாவது கரைந்த கனியுப்புகள் குறைந்தது. பரிசோதனைப் பெட்டி காட்டுவது மொத்த அமோனியாவை. அதில் உண்மையில் நஞ்சான பகுதி எவ்வளவு என்பதைப் பிஎச்சும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. நம் வீடுகளில் தண்ணீர் இருக்கும் 28 பாகை செல்சியஸில், பிஎச் 7 ஆனால் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே நஞ்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது ஆறு சதவீதத்தைத் தாண்டிவிடும். அப்படியானால் பிஎச் குறைவாக இருப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். ஆனால் பற்றீரியா தன் வேலையைச் செய்யும்போது தண்ணீரின் காரத்தன்மையை, அதாவது பிஎச் சரியாமல் தாங்கும் கையிருப்பை, தின்றுகொண்டே போகிறது. ஒரு மில்லிகிராம் அமோனியா நைதரசனுக்கு, கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஏழு மில்லிகிராம் செலவாகும். மென்னீரில் அந்தக் கையிருப்பு குறைவு. அது தீர்ந்ததும் பிஎச் சரியும்; 6.5க்குக் கீழே பற்றீரியாவின் வேகம் தளரும், 6 அளவில் ஏறக்குறைய நின்றுவிடும். அப்போது அமோனியா தேங்குகிறது, ஆனால் பிஎச் குறைவாக இருப்பதால் மீனுக்கு உடனே ஒன்றும் ஆவதில்லை. சொந்தக்காரர் ஒரு நாள் விழித்துக்கொண்டு பாதித் தண்ணீரை மாற்றுகிறார். புதுத் தண்ணீர் பிஎச்சை மேலே தூக்குகிறது. தேங்கியிருந்ததில் மிஞ்சிய பாதி சட்டென்று நஞ்சாகிறது. தண்ணீர் மாற்றியதால்தான் மீன் செத்தது என்று ஊரெல்லாம் பேச்சு. இப்படிச் சரிந்த தொட்டியில் மட்டும் நான் மேலே சொன்ன பாதி மாற்றத்தைச் செய்யாமல், பத்தில் ஒரு பங்காகச் சில மணித்தியால இடைவெளியில் பல தடவை மாற்ற வேண்டும். சரியாமல் தடுப்பதோ இலகு. நன்றாகக் கழுவிய சிப்பி ஓடுகளைச் சிறு வலைப்பையில் கட்டிப் பில்டருக்குள் வைத்தால் அவை மெல்லக் கரைந்து கையிருப்பை நிரப்பும். அவசரத்துக்கு அப்பச்சோடாவும் உதவும்: 50 லீற்றருக்கு ஒரு கிராம், புதுத் தண்ணீரில் கரைத்து, அமோனியாவைக் குறைத்த பிறகு மட்டும்.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அமோனியா இறங்கத் தொடங்கியதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணிப் புது மீன் வாங்கப் போவது மிகச் சாதாரணமான தவறு. நைத்திரைற்று ஏறுவது அப்போதுதான். அது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினைக் கெடுத்து ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் செய்கிறது. மீன் மேற்பரப்பில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், செவுள் மண்ணிறமாகும். உப்பிலுள்ள குளோரைட்டு, நைத்திரைற்று செவுளினூடாக நுழைவதைத் தடுக்கும். பத்து லீற்றருக்கு ஒரு கிராம் கல்லுப்பு போதும். நம் 50 லீற்றர் தொட்டிக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி. உப்பு ஆவியாகாது என்பதால், மாற்றிய தண்ணீரின் அளவுக்கு மட்டுமே மறுபடி சேர்க்க வேண்டும். தினமும் ஒரு கரண்டி போடுகிறவர்கள் மீன் தொட்டியைக் காலிமுகத்திடல் கடலாக்கிவிடுவார்கள்.

ஸ்பொஞ்சைக் குழாயடியில் வெள்ளை வெளேரென்று கழுவுவதும், பில்டர் பஞ்சை மாதந்தோறும் புதிதாக மாற்றுவதும் வளர்ந்ததை எல்லாம் எறிந்துவிடுவதற்குச் சமம். ஓட்டம் குறைந்தால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு தரம் பிழிந்தால் போதும். நான் ஊற்றிய நீல மருந்து, அதாவது மெதிலீன் நீலம், பற்றீரியாவையும் பாதிப்பது. மருந்து கொடுக்க வேண்டுமென்றால் தனி வாளியில். போத்தலில் விற்கும் பற்றீரியாவைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். நன்னீர்த் தொட்டிகளில் நைத்திரைற்றை மாற்றுவது பழைய நூல்கள் சொன்ன நைற்றோபக்றர் அன்று, நைற்றோஸ்பைரா வகை என்று ஆய்வாளர் ஹோவனெக்கும் அவருடைய சகாக்களும் 1998இல் காட்டினர். ஆகவே போத்தலில் எந்த இனம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, வெயில் படும் கடைத்தட்டில் அது உயிரோடு இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பொஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, அவருடைய தொட்டித் தண்ணீரிலேயே நனைத்தபடி கொண்டுவந்து உங்கள் பில்டரில் செருகுவது இவை அனைத்தையும்விட மேலானது. வாரக்கணக்கை நாட்கணக்காகக் குறைக்கக்கூடியது.

மின்வெட்டு நம்மவர்களுக்குப் புதிதன்று. 2022இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தோம். 28 பாகைத் தண்ணீர் காற்றோடு நன்றாகக் கலந்திருந்தாலும் லீற்றருக்கு எட்டு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான ஒட்சிசனையே தாங்கும்; பற்றீரியாவும் மீனும் அதில்தான் பங்குபோட வேண்டும். பற்றரியில் ஓடும் சிறிய எயார் பம்ப் ஒன்றும் அதன் குழாய் முனையில் ஒரு ஸ்பொஞ் பில்டரும் இருந்தால் இரண்டும் பிழைக்கும். மூடிய பில்டர் பல மணித்தியாலம் நின்றிருந்தால், உள்ளே தேங்கிய நீரை வெளியே ஊற்றிவிட்டே மறுபடி ஓட்ட வேண்டும்.

எந்த மீனோடு தொடங்குவது என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை: 50 லீற்றருக்கு நான்கைந்து டேனியோ போதும். கோல்ட் பிஷ் கழிவு மிகுந்தது. களனி முதல் நில்வளா வரையான ஆற்றுப் படுகைகளின் நிழலோடைகளுக்கே உரிய செர்ரி பார்ப் மீனை வளர்ப்பதில் நமக்கொரு பெருமை உண்டு, ஆனால் அதைப் பழகாத தொட்டியில் விடுவது நியாயமன்று. தொட்டி நிலைத்த பிறகு வாங்கலாம். நிலைத்துவிட்டது என்பதற்கு அடையாளம், வழக்கமான உணவைப் போட்டபடியே ஒரு வாரம் முழுவதும் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகவும் நைத்திரேற்று ஏறிக்கொண்டும் இருப்பது. அதன் பிறகும் இருக்கும் பற்றீரியா இருக்கும் மீனுக்கு மட்டுமே போதுமான அளவில் இருக்கும். இரண்டு மீனைச் சேர்த்து, இரண்டாம் நாளும் நான்காம் நாளும் சோதித்துப் பார்த்து, இரு வாரம் பொறுத்து அடுத்த இரண்டை வாங்குங்கள்.