பெற்றோர்–பிள்ளை டிஎன்ஏ அறிக்கையில் எண்கள் ஏன் மாறுகின்றன: படிக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களில் சிலர், கப்பலேறி வந்த முன்னோரின் வழியைத் தேடும் ஆவலில் உமிழ்நீரைக் குப்பியில் சேகரித்து டிஎன்ஏ சோதனைக்கு அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டில் அறிக்கை வந்தபோது அம்மாவுடன் அக்காள் பகிர்வது 3474 சென்டிமோர்கன் (பொதுவான டிஎன்ஏவை அளக்கும் அலகு) என்றும், நான் பகிர்வது 3461 என்றும் இருந்தது. இடையிலுள்ள 13 எங்கே போயிற்று என்று அம்மா கலங்கிவிட்டார். அந்தக் கலக்கத்துக்கு இடமே இல்லை.

டிஎன்ஏ அடங்கியுள்ள 22 இணைக் குரோமோசோம்களில் ஒவ்வோர் இணையிலும் ஒன்றைத் தாயும் மற்றொன்றைத் தந்தையும் தருகிறார்கள். எந்தப் பிள்ளைக்கும் இதில் கூடுதல் குறைவு கிடையாது. ஆனால் சோதனைக்கூடம் முழு டிஎன்ஏவையும் படிப்பதில்லை. சுமார் 6 முதல் 7 லட்சம் இடங்களை மட்டும் படிக்கிறது. அவற்றிலும் சில இடங்கள் தெளிவாகக் கிடைக்காமல் போகும். தவறாகப் படித்த ஒரு டிஎன்ஏ எழுத்து, இருவருக்கும் பொருந்தும் நீண்ட துண்டு ஒன்றை இரண்டாக முறித்துவிடும். நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கிடும் வழியும் வேறு. ஆகவே 3400க்கும் 3700க்கும் இடையில் எந்த எண் வந்தாலும் பெற்றோர்–பிள்ளை உறவுக்கு அது பொருந்தும். வெவ்வேறு நிறுவனங்களின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம்.

எண்ணைவிட, எந்தப் பகுதிகள் பொருந்துகின்றன என்று காட்டும் குரோமோசோம் வரைபடமே நம்பத் தக்கது. பெற்றோரோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு குரோமோசோமும் முனை முதல் முனை வரை ஏறக்குறைய முறியாமல் பொருந்தும். உடன்பிறந்தவரோடு ஒப்பிட்டால் சுமார் கால் பங்கில் எதுவும் பொருந்தாது. இன்னொரு கால் பங்கில் இரு பிரதிகளும் பொருந்தும். பாலினக் குரோமோசோமான எக்ஸையும் சேர்த்து எண்ணும் அறிக்கையில் தந்தை–மகன் பங்கு 50 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும். தந்தை மகனுக்கு ஒய் குரோமோசோமைத் தருகிறாரே தவிர எக்ஸைத் தருவதில்லை.

தற்செயல் புகும் இடம் தாத்தா–பாட்டி தலைமுறை. தந்தை தரும் பாதியில் அவருடைய தாயின் பங்கும் தந்தையின் பங்கும் துண்டு துண்டாகக் கலந்திருக்கும். சராசரி 25 விழுக்காடு என்றாலும், ஒருவரிடமிருந்து 20உம் மற்றவரிடமிருந்து 30உம் வருவது இயல்பு. பெண்ணின் கருமுட்டையில் இந்தக் கலப்பு ஆணின் விந்தணுவில் நடப்பதைவிட அதிகமாக நடப்பதால், அம்மா வழித் தாத்தா–பாட்டியின் பங்குகள் 25ஐ ஒட்டியே நிற்கும். அப்பா வழியில் ஏற்றத்தாழ்வு பெரிது. அதனால்தான் அக்காளுக்குப் பொருந்தும் தூரத்து உறவினர் தம்பிக்குப் பொருந்துவோர் பட்டியலில் இல்லாமலே போகலாம்.

நம்மவர்க்கு இன்னொன்றும் முக்கியம். மாமன் மகளை மணக்கும் வழக்கமுள்ள குடும்பத்தில், அத்தகைய தம்பதியின் பிள்ளைக்குச் சராசரியாகப் பதினாறில் ஒரு பங்கு டிஎன்ஏவில் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக இருக்கும். இருமுறை பொருந்தும் இடங்களை இருமுறை எண்ணும் அறிக்கையில் பெற்றோர் பங்கு 50ஐத் தாண்டினாலும் அது பிழையன்று. ஆனால் தலைமுறைதோறும் உறவுக்குள் மணம் நடந்திருந்தால், தூரத்து உறவினர் உண்மையைவிட நெருங்கியவராகத் தோன்றுவார். அப்போது மொத்தத்தை நம்பாமல் மிக நீண்ட துண்டின் நீளத்தைப் பாருங்கள். 7 சென்டிமோர்கனுக்குக் குறைந்தவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

பெற்றோர் என்று அறிந்தவரோடு 1700 சென்டிமோர்கன் அளவில்தான் பொருந்துகிறது என்றால் அது வேறு செய்தி. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி போன்றோருக்கும் ஒரு பெற்றோரை மட்டும் பகிரும் உடன்பிறந்தாருக்கும் உரிய அளவு அது. மாதிரிகள் மாறியிருக்கலாம் என்பதால் மறு சோதனை செய்யும்வரை வீட்டில் யாரிடமும் பேசாதீர்கள்.

1860 நவம்பர் 16 அன்று இந்திய ஒப்பந்தத் தொழிலாளரின் முதல் கப்பலான ட்ரூரோ, சென்னையிலிருந்து டர்பன் அமைந்துள்ள நேட்டாலுக்கு வந்து சேர்ந்தது; 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர் 1,52,184 பேர். முதலாண்டுகளில் வந்தவரின் பங்கு இன்றைய இளைஞரிடம் ஓரிரு விழுக்காடாகத் தேய்ந்திருக்கும். கடைசி ஆண்டுகளில் வந்தவரின் பேரனோ பேத்தியோ இருந்தால் அவரிடம் கால் பங்கு இருக்கும். எனவே ஒரே ஒரு சோதனைக்குத்தான் பணம் உண்டென்றால், வீட்டில் மூத்தவரின் சம்மதம் கேட்டு அவருக்கே செய்யுங்கள். தந்தையின் பெயரே பிற்பாடு குடும்பப் பெயராகிவிட்ட வீடுகள் பல உள்ளதால், பொருந்துகிறவரிடம் குடும்பப் பெயரை மட்டும் கேட்காமல், கப்பல் பட்டியலில் உள்ள குடியேற்ற எண்ணையும் தந்தை பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.