கோழிக்கூண்டைச் சுற்றிக் குழி வெட்ட வேண்டாம்
நாயும் நரியும் மண்ணைத் தோண்டி உள்ளே நுழையாமல் தடுக்க, கோழிக்கூண்டின் அடியில் கம்பிவலையைப் புதைப்பதற்குப் பதிலாக, சுமார் 45 செ.மீ. அகலமுள்ள வலையைச் சுவரின் அடிப்பகுதியோடு இறுகக் கட்டி, வெளிப்புறமாகத் தரையில் விரித்து, முளையடித்துவிடுங்கள். புல் முளைத்து அதை மூடிவிடும். நாயும் நரியும் சுவரை ஒட்டியே மண்ணைப் பறிக்கத் தொடங்கும். நகம் கம்பியில் சிக்கியதும், அரை மீட்டர் பின்வாங்கித் தோண்டலாம் என்று அவற்றுக்குப் பெரும்பாலும் தோன்றுவதில்லை. கோழிவலை என்று விற்கப்படும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, நாயின் பல்லுக்குத் தாங்காது என்பதால், 12 மி.மீ. சதுரக் கண்ணுள்ள, பற்றவைத்த தடித்த வலையையே வாங்குங்கள். அடிக்கடி இடம் மாற்றும் கூண்டுக்கு இம்முறை ஒத்துவராது. தொலைவிலிருந்தே வளை தோண்டிவரும் எலிகள் மிகுந்த இடத்தில், கூண்டின் தரை முழுவதும் வலை விரித்தாக வேண்டும்.