புண்ணாக்கில் நார் எவ்வளவு? அளந்து பார்ப்போம்

பினாங்கின் செபராங் பிறைப் பக்கம் ஆடு வளர்ப்பவர்கள் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கைக் கொண்டுவந்து, “கச்சா நார் 17 சதவீதம்னா மீதி மாவுச்சத்து நிறைய இருக்கும்தானே அண்ணே?” என்று கேட்பதுண்டு. இருக்காது. கச்சா நார் 1860களில் ஜெர்மனியின் வீண்டே ஆய்வு நிலையத்தில் பிறந்த முறை. தீவனத்தை நீர்த்த அமிலத்தில் அரை மணி, காரத்தில் அரை மணி கொதிக்க வைப்பார்கள். செடியின் செல்சுவரில் உள்ள நார்ப் பொருள்களான ஹெமிசெல்லுலோஸில் பெரும்பங்கும் லிக்னினில் கணிசமான பங்கும் அதிலேயே கரைந்து போய்விடும். போனதெல்லாம் கணக்கில் எளிதில் செரிக்கும் கார்போஹைட்ரேட்டாக ஏறிக்கொள்ளும்.

ஆகவே, அமெரிக்க விஞ்ஞானி வான் சூஸ்ட் 1960களில் கொண்டுவந்த என்.டி.எஃப். (நடுநிலை டிடர்ஜெண்டில் கரையாத நார்) முறையைப் பழகுவோம்.

தீவனத்தை 1 மில்லிமீட்டர் சல்லடையில் விழும்படி அரையுங்கள். கொழுப்பு 10 சதவீதத்தைத் தாண்டினால் முதலில் அசிட்டோனில் ஊறவைத்து வடித்துவிடுங்கள்.

அப்புறம் 0.5 கிராம் மாதிரி, 100 மில்லிலிட்டர் நடுநிலை டிடர்ஜெண்ட் கரைசல், 0.5 கிராம் சோடியம் சல்பைட். கொதி வந்ததும், மாவுச்சத்தைக் கரைக்கும், வெப்பம் தாங்கும் அமைலேஸ் நொதியைச் சேர்த்து, ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். மக்காச்சோளம் கலந்த தீவனத்தில் நொதியை மறந்தால், மாவு கூழாகி வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். பாதி நாள் அதிலேயே போய்விடும்.

எடை பார்த்து வைத்த வடிகட்டும் குரூசிபிளில் (சூடு தாங்கும் கிண்ணம்) வடித்து, சுடுநீரிலும் பிறகு அசிட்டோனிலும் கழுவுங்கள். அசிட்டோன் முழுதும் ஆவியாகாமல் அடுப்பில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். 105 டிகிரியில் இரவு முழுக்க உலரட்டும்.

ஆறவைப்பது டெசிகேட்டரில்தான், அதாவது ஈரம் புகாத மூடிய ஜாடியில். ஒருமுறை குரூசிபிளை மேசையில் வைத்துவிட்டு தே தாரிக் குடிக்கப் போனேன். திரும்பி வந்து நிறுத்தால் எடை கூடியிருந்தது. பினாங்குக் காற்றின் ஈரத்தையும் நாராக எழுதியிருப்பேன்!

எடையைக் குறித்ததும் உலையில் 500 டிகிரிக்குக் குறையாமல் எரித்து, சாம்பலோடு மறுபடி நிறுங்கள். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் நார். மண், மணல் எல்லாம் சாம்பலோடு தங்கிவிடும். வித்தியாசத்தை மாதிரியின் உலர் எடையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் சதவீதம்.

சரி, அந்தப் புண்ணாக்கு மூட்டைக்கு வருவோம். உலர் எடையில் புரதம் 16, கொழுப்பு 8, சாம்பல் 4, கச்சா நார் 17 என்று வைத்துக்கொண்டால், 100இல் மாவுச்சத்து மாதிரி தெரியும் மீதி 55. கச்சா நாரை எடுத்துவிட்டு என்.டி.எஃப். 68 என்று போட்டால் மீதி வெறும் 4. ஆடு அந்த நாரை ஓரளவு செரித்துக்கொள்ளும், கோழியால் அவ்வளவு முடியாது. கோழிக்குக் கலக்கப் போகிறவர்கள் இரண்டாவது கணக்கைப் பார்த்துவிட்டு மூட்டையைப் பிரியுங்கள்.