அமெரிக்கக் கல்லூரியில் அவசர உதவிப் பணம்: யாருக்குக் கிடைக்கும், எப்படிக் கேட்பது?

கொரோனா காலத்தில் கல்லூரிகள் வழியாக மாணவர்களுக்கு வந்த ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசின்) நிவாரணம் இப்போது இல்லை. 2021 மே மாத விதிப்படி, 2020 மார்ச் 13 முதல் படித்த எவருக்கும், எஃப்-1 (வெளிநாட்டு மாணவர்) விசாக்காரர்கள் உட்பட, கல்லூரிகள் அதைத் தர முடிந்தது. அந்தக் காலத்து இணையப் பதிவுகளை இன்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

படி 1: உங்கள் குடியேற்ற நிலையைப் பாருங்கள். குடிமகன், கிரீன் கார்டு வைத்திருப்பவர், அகதி அந்தஸ்து பெற்றவர் என்றால் ஃபெடரல் உதவிக்கு வழி உண்டு. எஃப்-1, எச்-4 (வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான விசா) என்றால் நேராகப் படி 4-க்குப் போய்விடுங்கள்.

படி 2: ஃபெடரல் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா (FAFSA) படிவத்தை நிரப்புங்கள். இலவசம்தான். நிரப்பித் தரக் காசு கேட்பவர்களிடம் போகவே வேண்டாம். கூடவே, பணத் தேவை அதிகமுள்ளவர்களுக்கான எஃப்எஸ்இஓஜி (FSEOG) என்ற ஃபெடரல் மானியம் உண்டா என்று கல்லூரியில் கேளுங்கள். இளநிலை மாணவர்களுக்கு ஆண்டுக்கு 100 முதல் 4,000 டாலர் வரை. பெல் மானியம் (குறைந்த வருமான மாணவர்களுக்கான முக்கிய ஃபெடரல் மானியம்) பெறுபவர்களுக்கே முன்னுரிமை. எல்லாக் கல்லூரியிலும் இது கிடையாது, இருக்கும் இடத்திலும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

படி 3: பலருக்கும் தெரியாத வழி இதுதான். ஃபாஃப்சா பார்ப்பது இரண்டு வருடம் முந்தைய வருமானத்தை. 2026-27 படிப்புக்கு 2024 வரிக்கணக்கு. அப்பாவுக்குப் போன மாதம் வேலை போனது அந்தப் படிவத்துக்கு எப்படித் தெரியும்? அதனால் நிதி உதவி அலுவலகத்துக்குப் போய், "புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட் வேண்டும்" என்று அதே பெயரில் கேளுங்கள். உங்கள் இன்றைய நிலைமையைப் பார்த்து உதவிக் கணக்கை மாற்ற அந்த அலுவலகத்துக்கு இருக்கும் அதிகாரம் அது. வேலை நீக்கக் கடிதம், மருத்துவமனை பில் எதுவானாலும் இணையுங்கள். அழுது எழுதிய மூன்று பக்கத்தைவிடத் தேதி போட்ட ஒரு காகிதம் பேசும். எல்லா மனுக்களையும் ஒரேயடியாக மறுப்பது என்று கல்லூரி கொள்கை வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் உங்கள் மனுவில் அவர்கள் எடுக்கும் முடிவே இறுதி. கல்வித் துறையிடம் மேல்முறையீடு கிடையாது.

படி 4: விசா மாணவர்கள் கல்லூரியின் சொந்த அவசர நிதியைக் கேட்கலாம். பல இடங்களில் மாணவர் நல டீன் அலுவலகம்தான் அதைப் பார்த்துக்கொள்கிறது. எஃப்-1-இல் ஒரு கல்வியாண்டு முடித்தவர்கள், எதிர்பாராத கடும் பணமுடை வந்தால், வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய அனுமதி கோரலாம். டிஎஸ்ஓ (வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் கல்லூரி அதிகாரி) பரிந்துரையோடு, வேலை அனுமதி கோரும் ஐ-765 படிவத்தைக் குடியேற்றத் துறைக்கு அனுப்ப வேண்டும். அனுமதி அட்டை கைக்கு வருமுன் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாதீர்கள். விசா நிலையே போய்விடும்.